எண்ணெயை அளப்பவர் யார்?

தீவகத்துக்கு வேண்டியது படகு; படகின் எண்ணெயை அளக்கும் கருவியன்று என்றொரு வாதம் அண்மைக் காலத்தில் நம்மிடையே அடிக்கடி கேட்கிறது. சொல்வோர் நல்லெண்ணம் உடையவர்களே. குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்காக வெயிலிற் காத்து நிற்கும் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு, எஞ்சின் எண்ணெயிற் கலந்துள்ள நீரின் விகிதத்தைக் காட்டும் மின்னணுக் கருவி ஆடம்பரமாகத் தோன்றினால் அதிற் குறைகாண எவராலும் முடியாது. ஆயின் அதே வாதத்தைப் பல்கலைக்கழக மண்டபங்களில் நின்று நாம் சொல்லும்போது அதன் பொருள் வேறாகிவிடுகிறது. விமானத்தின் எண்ணெய் அளக்கப்பட வேண்டும். கொழும்புத் துறைமுகத்துப் பாரந்தூக்கியின் எண்ணெய் அளக்கப்பட வேண்டும். நயினாதீவுத் திருவிழாவுக்குச் சனங்களை ஏற்றிச் செல்லும் படகுக்கு மட்டும் ஓட்டியின் மூக்கே போதும் என்பதல்லவா அதன் உள்ளுறை? ஏழையின் இயந்திரத்துக்கு அளவீடு மிகை என்னும் இக்கருத்தை மறுப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம். கருவியை வாங்கிப் பொருத்திவிட்டால் யாவும் செம்மையாகிவிடும் என மறுபக்கத்தில் நின்று பேசுவோரையும் மறுப்பது இரண்டாவது நோக்கம். உணரி வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியைவிட, உணரி சொல்வதைக் கேட்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி பெரிது.

கலைப்பீட மாணவன் ஒருவனுக்கு இது எதற்கு என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு சொல். கிணற்று நீர் கெடுவதும், படகு நடுக்கடலில் நிற்பதும், அவற்றுக்கான பொறுப்பு யாருடையது என்பதும் பொறியியற் பீடத்துக்கு மட்டும் உரிய பாடங்களல்ல. அளவீடு என்பது அதிகாரத்தின் ஒரு வடிவம். நிலத்தை அளந்தவன் வரியை விதித்தான் என்று வரலாற்று வகுப்பிற் படிக்கும் நாம், எண்ணெயை அளப்பவன் எதை விதிப்பான் என்று கேளாதிருப்பது வியப்பே.

முதலிற் பழைய முறையை நோக்குவோம். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்குமிடையே, ஒரு கிலோமீற்றருக்கும் குறைந்த நீர்ப்பரப்பைக் கடக்கும் மிதவையை நாம் ‘பாதை’ என்கிறோம். அப்பாதையின் எஞ்சினையும், கரையோரத்து வள்ளங்களின் வெளியிணைப்பு இயந்திரங்களையும் பேணி வந்தவர்கள் எண்ணெயை அறியும் முறை நுட்பமானது. எண்ணெய் மட்டம் பார்க்கும் கம்பியை இழுத்து, அதன் நுனியிலுள்ள துளியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்குமிடையே தேய்ப்பர். வழுக்கல் குறைந்திருந்தால் எரிபொருள் கலந்துவிட்டது. நறநறவென்றால் உலோகத்தூள் அல்லது மணல். நிறம் பாலைப்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துவிட்டது. மண்ணெண்ணெய்க் கானை இரவு முழுதும் ஆடாமல் வைத்து, அடியில் தங்கிய நீரை விட்டு மேலெண்ணெயை மட்டும் குழாயால் இழுத்தெடுப்பர். எஞ்சியதைத் துணியில் வடிப்பர். ஒற்றுத்தாளில் ஒரு துளி எண்ணெயை விட்டு, அது பரவும் வளையத்தின் கருமையைக் கொண்டு புகைக்கரியின் அளவை மதிப்பிடும் முறையொன்று உலகின் பல நாடுகளிலும் வழங்குகிறது. நம்மவருட் சிலர் அதனைப் பழைய பத்திரிகைத் தாளிற் செய்வர். இவை மூடநம்பிக்கைகளல்ல. பௌதிகமும் இரசாயனமும் விரல்நுனியிற் குடியேறிய வடிவங்கள்.

இவ்வறிவின்மீது நம் எழுத்தாளர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் ஒரு தீராத காதல் உண்டு. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்ட காலத்தை அவர்கள் சான்று காட்டுவர். அக்காலத்தில் யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் பழைய ஒஸ்ரின் கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மண்ணெண்ணெய்க்குப் பழக்கினார்கள். சிறிதளவு பெற்றோலைக் காபரேற்றருக்குட் சொட்டவிட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதற்காகச் சேலைன் போத்தல்கூட வாகனத்திலேறியது. கெட்டித்தனம் மறுக்க முடியாதது. ஆனால் அக்கெட்டித்தனத்தைப் பாடுவோர் ஒன்றை மறைக்கின்றனர். அந்த எஞ்சின்கள் புகைந்தன, தட்டின, தேய்ந்தன. தரமறியாத எண்ணெய் எரிந்த புகையை மூடிய தெருக்களில் நோயாளரும் குழந்தைகளும் சுவாசித்தனர். வேறு வழியில்லாதவன் செய்ததை வழியாகவே கொள்ளவேண்டுமென்பது என்ன நியாயம்? முற்றுகைக் காலத்துப் பஞ்சத்தைச் சமாதான காலத்துக் கொள்கையாக்குவோரை நாம் மரபின் காவலர் என அழைக்கலாகாது.

விரலின் அறிவுக்கு மூன்று குறைகள் உண்டு. முதலாவது, அது காலந்தாழ்த்தி அறிகிறது. எண்ணெய் பால்நிறமாகும் வேளையில் நீர் புகுந்து வேலையைத் தொடங்கிவிட்டிருக்கும். இரண்டாவது, அது ஆளோடு போய்விடுகிறது. தீவகத்தைப்போல் மக்கள் பெயர்ந்த நிலப்பகுதி இந்நாட்டிற் சிலவே. இருபது ஆண்டுகள் ஓரிடத்தில் ஓர் எஞ்சினைக் கேட்டுக்கேட்டுப் பழகியவர் இன்று ரொறன்ரோவிலோ பாரிசிலோ இருக்கக்கூடும். அவர் விரலை இங்கு விட்டுச் செல்லவில்லை. மூன்றாவது குறையே பெரிது. விரலின் அறிவு சாட்சியமாகாது. “ஒயில் கெட்டுப்போச்சு எண்டு நான் அப்பவே சொன்னனான்” என்ற ஓட்டியின் சொல்லை எந்த விசாரணையும் பதிந்துகொள்வதில்லை. எண்ணெய் மாற்றப் பணம் தராத அதிகாரியின் கோப்பு பதிந்துகொள்ளப்படும். ஓட்டியின் விரல் பதிந்துகொள்ளப்படாது. விபத்து நிகழ்ந்தால் குற்றம் ஓட்டியினுடையதாகும்.

உணரி என்பது யாது? இவ்விடத்துச் சிறிது விளக்கம் வேண்டியிருக்கிறது. நம்மவருட் பலர் எண்ணெய் அழுத்தத்தைக் காட்டும் முள்ளையும் எண்ணெயின் தரத்தைக் காட்டும் உணரியையும் ஒன்றெனக் கருதுகின்றனர். எண்ணெய் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. இருக்கும் எண்ணெய் இன்னும் எண்ணெயாக இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. பழைய இயந்திரங்கள் யாவும் முதற்கேள்விக்கே விடையளித்தன. இரண்டாவது கேள்விக்கு விடைகாண எண்ணெயை ஒரு போத்தலில் எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அமெரிக்க இருப்புப்பாதைக் கம்பனிகள் 1940களில், டீசல் எஞ்சின்களின் எண்ணெயை நிறமாலைமானியில் எரித்து, அதிலுள்ள இரும்பு, செம்பு, ஈயம் ஆகியவற்றின் நுண்ணளவைக் கொண்டு உள்ளே எந்தப் பாகம் தேய்கிறது என்று அறியத் தொடங்கின. இரத்தத்தைச் சோதித்து நோயறியும் வைத்தியம் போன்றது அது. போத்தல் போய் விடை வரும்வரை எஞ்சின் காத்திருக்காதல்லவா? ஆகவே சோதனையை எஞ்சினுக்குள்ளேயே வைக்க முயன்றனர். இரு தட்டுகளுக்கிடையே எண்ணெயை ஓடவிட்டு, அதன் மின்னுழைய மாறிலியை அளப்பது அவற்றுள் எளியதொரு வழி. நல்ல எண்ணெய்க்கு அது இரண்டுக்குச் சற்று மேல்; நீருக்கு எண்பதளவு. எனவே சிறிதளவு நீர் கலந்தாலும், எண்ணெய் ஒட்சியேற்றமடைந்து கெட்டாலும் கணக்கு நகர்ந்துவிடும். வேறு சில கருவிகள் எண்ணெயில் அதிரும் சிறு தகட்டைக் கொண்டு பாகுநிலையை அளக்கின்றன. காந்தத்தைக் கொண்டு இரும்புத்தூளைச் சேர்த்தெண்ணுவனவும் உள. டீசலிலுள்ள நீரை அறிவது இவற்றிலும் எளிது. நீர் கனமானது; வடியின் அடிக்கிண்ணத்தில் தங்கும். அங்கு இரு மின்வாய்களை வைத்தால், டீசல் மின்னைக் கடத்தாது, நீர் கடத்தும். உடனே விளக்கு எரியும். இதன் உள்ளே எந்த மாயமும் இல்லை.

உணரி தெய்வமுமன்று. கரி, நீர், கலந்த எரிபொருள் ஆகிய மூன்றும் ஒரே எண்ணை வெவ்வேறு திசைகளில் நகர்த்தும்; ஒன்று மற்றொன்றை மறைத்துவிடவும் கூடும். எண்ணெயின் வகையை மாற்றினால் தொடக்க எண்ணையும் மாற்றி வைக்க வேண்டும். எண் நகர்ந்தது என்று மட்டும் கருவி சொல்லும். ஏன் நகர்ந்தது என்பதைச் சொல்ல, விரலாற் தேய்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவரே வேண்டும். ஆதலால் மரபறிவா கருவியா என்று பட்டிமன்றம் நடத்துவோர் இல்லாத போரொன்றை நடத்துகின்றனர் என்பேன்.

இனிச் சுன்னாகத்துக்கு வருவோம். அளவீடு இன்மையின் விலை என்னவென்று அறிய வேறெங்கும் போகவேண்டியதில்லை. சுன்னாகத்தில் 1950களின் இறுதியிலிருந்தே டீசல் மின்நிலையம் இருந்தது. பின்னர் அவ்வளாகத்தில் ‘நொதேண் பவர்’ என்ற தனியார் கம்பனி மின்பிறப்பாக்கிகளை இயக்கியது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மணத்தது. வாளியில் எண்ணெய்ப்படலம் மிதந்தது. முதலில் அறிந்தவர்கள் நீரள்ளிய பெண்கள். அவர்களுடைய கண்ணும் மூக்கும் தவிர வேறு உணரி அங்கில்லை. 2015 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மல்லாகம் நீதிமன்றத்தின் கட்டளையால் நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது. அடிப்படை உரிமை மீறல் வழக்கொன்று உயர்நீதிமன்றம் சென்றது. 2019 ஏப்ரிலில் வழங்கப்பட்ட தீர்ப்பு, மாசுபடுத்தியவரே விலைகொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை ஏற்று, அக்கம்பனி 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனக் கட்டளையிட்டது. இத்தீர்ப்பைச் சூழலியலாளர் வெற்றியெனக் கொண்டாடினர். கொண்டாட்டத்துக்குக் காரணமும் உண்டு.

எனினும் வழக்கு நீண்ட அந்த ஆண்டுகளில் நடந்த வாதங்களை நினைவுகூருங்கள். கிணற்றிலுள்ளது எண்ணெயா, வேறெதுவுமா? எண்ணெயெனின் பழைய நிலையத்தின் கழிவெண்ணெயா, போர்க்காலத்திற் சிந்தியதா, புதிய கம்பனியினுடையதா, அண்டையிலுள்ள வாகனத் திருத்தகங்களினுடையதா? நீர் வழங்கல் சபையின் பரிசோதனைகள் எண்ணெயும் கிறீசும் உண்டென்றன. வட மாகாண சபை அமைத்த நிபுணர் குழுவின் முடிவுகள் வேறு விதமாய் அமைந்தன. ஒரே கிணற்றைப் பற்றி இரு அறிக்கைகள்; இரண்டும் நிபுணர்களுடையவை. நீரள்ளியவர்களோ எதை நம்பிச் சோறு சமைப்பது என்று அறியாமல் நின்றனர். தண்ணீர்த் தாங்கி வண்டி வரும் வரை தெருவிற் குடங்களை வரிசையிட்டனர்.

இந்தக் குழப்பத்தின் வேர் எங்கே? எண்ணெய் கிணற்றை அடைந்த பின்னரே அளக்கத் தொடங்கினோம். எண்ணெய் எஞ்சினுக்குள் எவ்வளவு சென்றது, எவ்வளவு கெட்டது, எப்போது மாற்றப்பட்டது, மாற்றப்பட்ட பழைய எண்ணெய் எத்தனை லீற்றர், அது எங்கே போனது, வளாகத்தை விட்டு வெளியேறும் வடிகாலில் எண்ணெய் இருந்ததா என்பன நாள்தோறும் பதியப்பட்டு, அப்பதிவு எவரும் பார்க்கத்தக்கதாய் இருந்திருப்பின், யாருடைய எண்ணெய் என்ற கேள்விக்கு இத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டிருக்குமா? பதிவில்லாத இடத்தில் நிரூபிக்கும் பாரம் பாதிக்கப்பட்டவனின் தலையில் விழுகிறது. கம்பனியிடம் கணக்கு இருக்கும், பொறியியலாளர் இருப்பர், சட்டத்தரணி இருப்பர். கிணற்றுக்காரியிடம் ஒரு வாளி மட்டுமே இருக்கும். எஞ்சினுக்குள் இருக்கும்போது எண்ணெயின் தரம் கம்பனியின் சொந்த விடயம் என்பர். வெளியே வந்ததும் அதே எண்ணெய் ஊரின் நோய். ஒரே திரவத்தின் வாழ்க்கை வரலாற்றை இரு துண்டுகளாக வெட்டி, முதற்துண்டை வணிக இரகசியமாக்கி, இரண்டாவது துண்டை மட்டும் மக்களிடம் ஒப்படைக்கும் இவ்வேற்பாட்டுக்கு அறிவியலென்று பெயரிட முடியாது.

சுன்னாகத்தின் நிலத்தடிச் சுண்ணக்கல்லுக்கும் தீவகத்தின் சுண்ணக்கல்லுக்கும் வேறுபாடு அதிகமில்லை. நீரும் எண்ணெயும் வெடிப்புகள் வழியே ஓடும் துளைநிறைந்த கல் அது. ஆனால் தீவகத்தின் நிலை இன்னும் நொய்தானது. தீவுகளின் நன்னீர், உவர்நீரின்மேல் வில்லைபோல் மிதப்பது. கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பதடி நிற்கும் என்பது நிலத்தடி நீரியலில் வழங்கும் பழைய கணக்கு. நம்மிடம் அந்த ஓரடியே எத்தனை இடங்களில் உண்டு? வேலணைச் சாட்டியின் நன்னீரைத் தீவகம் எவ்வளவு நம்பியிருக்கிறது என்பது கோடையில் அங்கே குடியிருந்தவர்களுக்குத் தெரியும். சுன்னாகத்துக் குடும்பம் ஐந்து கிலோமீற்றர் தள்ளி இன்னொரு கிணற்றைத் தேடலாம். அனலைதீவுக் குடும்பம் ஐந்து கிலோமீற்றர் போனால் கடல்.

இந்தப் பின்னணியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கான கலப்பு மின்திட்டத்தை நோக்குக. 2021 தொடக்கத்தில் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு சீனக் கம்பனியொன்றுக்கு இத்திட்டத்தை அளிக்க அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இந்தியா ஆட்சேபித்தது. அவ்வாண்டிறுதியிற் சீனத்தரப்பு இடைநிறுத்தத்தை அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவுடன் உடன்பாடு. 2024 மார்ச்சில் பெங்களூர்க் கம்பனியொன்றுடன் ஒப்பந்தம். இந்திய நன்கொடை 1 கோடியே 10 இலட்சம் டொலர். மூன்றாண்டுகளாக நம் பத்திரிகைகளின் தலையங்கங்கள் சீனாவா இந்தியாவா என்றே முழங்கின. தீவுகளின் பெயர் உலகப் படத்தில் ஏறிவிட்டதென்று மகிழ்ந்தோரும் உளர். ஆனால் அறிவிக்கப்பட்ட விபரத்தை ஊன்றிப் படித்தால் காற்று 530 கிலோவாற்று, சூரியன் 1,700 கிலோவாற்று, மின்கலச் சேமிப்பு ஆகியவற்றோடு, மாற்றேற்பாடாக 2,500 கிலோவாற்று டீசல் மின்பிறப்பாக்கிகளும் அதில் அடங்கும். காற்றும் சூரியனும் சேர்ந்ததிலும் டீசல் பெரிது! மாற்றேற்பாடுதானே என்று சொல்லி இதனைக் கடந்துவிட முடியாது. எப்போதாவது ஓடும் எஞ்சினின் எண்ணெய் இளைப்பாறுகிறது என எண்ணுவது தவறு. உப்புக்காற்றில் நிற்கும் எஞ்சினில் ஈரம் ஒடுங்கி எண்ணெயிற் சேரும்; அரைகுறையாய் நிரம்பிய டீசல் தாங்கியில் இரவு தோறும் நீர் வியர்க்கும். ஓடாத எஞ்சினின் எண்ணெயும் மாற்றப்படத்தான் வேண்டும். மாற்றிய எண்ணெய் தீவிலிருந்து படகேறித்தான் போகவேண்டும். அதைக் கணக்கிடுவது யார்? எந்தக் கொடியின் கீழ் வந்த எஞ்சின் என்று கேட்டவர்கள், அந்த எஞ்சினின் பழைய எண்ணெய் எங்கே போகும் என்று கேட்டதை நான் காணவில்லை.

ஆகவே உணரிகளைப் பொருத்துங்கள் என்று சொல்லி முடித்துவிடலாமா? இங்கேதான் இரண்டாவது தரப்பாருடன் பிணக்கு. கருவியை விற்போர் கருவியோடு அதன் சொல்லை விற்பதில்லை. அமெரிக்காவில் ஜோன் டீர் உழவு இயந்திரம் வாங்கிய விவசாயி, தன் வயலில் நிற்கும் தன் இயந்திரத்தின் உணரிகள் சொல்வதை முழுமையாய்ப் படிக்க முகவரின் மென்பொருளை நாடவேண்டியிருந்தது. அறுவடைக் காலத்தில் இயந்திரம் நின்றால், ஏன் நின்றது என்பதை அறிய முகவரின் ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும். பல்லாண்டுப் போராட்டத்தின் பின் 2023 தொடக்கத்தில் விவசாயிகள் சம்மேளனத்துடன் கம்பனி ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. அது போதாதென்று 2025 தொடக்கத்தில் அந்நாட்டு வணிக ஆணைக்குழுவே வழக்குத் தொடுத்தது. செல்வந்த நாட்டின் நிலமுடைய விவசாயிக்கே இக்கதியெனில், நெடுந்தீவின் மின்நிலைய ஊழியருக்கு என்ன கதி?

கொரியாவில் நிகழ்ந்தது இதனினும் படிப்பினை மிக்கது. புதிய டீசல் லொறிகளின் புகையைத் தூய்மையாக்க, யூரியாவும் நீரும் கலந்த கரைசலொன்று தேவை. அதில் யூரியா 32.5 வீதம் இருக்க வேண்டும். உணரி அதனை ஓயாது கவனிக்கும். கரைசல் இல்லையெனில் எஞ்சினின் வலுவைக் குறைக்கும், அல்லது மறுமுறை உயிர்க்கவிடாது. 2021 இலையுதிர்காலத்திற் சீனா யூரியா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதும், டீசல் நிறைய இருந்தும் தென் கொரியாவின் லொறிகள் நிற்கும் நிலை வந்தது. சாரதிகள் கரைசலைத் தேடி அலைந்தனர். காற்றைக் காப்பது நல்ல நோக்கம். ஆனால் அங்கே உணரி ஓட்டுநருக்குத் தகவல் சொல்லும் துணைவனாக இருக்கவில்லை. அவனைத் தடுத்து நிறுத்தும் காவலாளியாக இருந்தது. வெளிச்சுமாட்டுக் கடலில், இருபது பேருடன், உணரியொன்று தன் எண்ணத்தின்படி எஞ்சினை நிறுத்துவதை நாம் விரும்புவோமா? அறிவிக்கும் கருவியும் ஆணையிடும் கருவியும் வேறுவேறு. இவ்வேறுபாட்டை ஒப்பந்தம் எழுதும் வேளையிலேயே சொல்லாவிடின் பின்னர் சொல்லிப் பயனில்லை.

முதலிற் படகு என்ற வாதத்துக்கு மீண்டும் வருகிறேன். குமுதினி என்ற பெயரை 1985 மே 15 இன் பின் தீவகத்தில் எவரும் வெறும் படகொன்றின் பெயராகச் சொல்வதில்லை. அன்று அதிற் பயணித்த முப்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் பல்லாண்டுகள், திருத்தித் திருத்தி, அப்படகே நெடுந்தீவாரைச் சுமந்தது. 2017 இல் நெடுந்தாரகை வந்தது, மாலையிட்டு வரவேற்றோம். அதுவும் பழுதுபட்டு நின்ற காலங்கள் உண்டு. படகுகள் தரப்படுகின்றன, பேணுவதற்கான பணமும் பதிவும் தரப்படுவதில்லை. நாடா வெட்டுவதற்கு அமைச்சர் வருவார். எண்ணெய் மாற்றுவதற்கு யார் வருவார்? அளவீடில்லாமல் வரும் இரண்டாவது படகு, முதற்படகு நின்ற இடத்திலேயே போய் நிற்கும். படகா அளவீடா என்று கேட்பது, பிள்ளைக்குச் சோறா மருந்தா என்று கேட்பது போன்றது.

இன்னொன்றும் ஈண்டு நினைவுக்கு வருகிறது. நயினாதீவிலுள்ள பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு, முதலாம் பராக்கிரமபாகுவினுடையது, ஊராத்துறைக்கு வரும் மரக்கலங்கள் உடைந்தால் என்ன செய்வது என்று கூறுகிறது. யானையும் குதிரையும் கொணர்ந்த கலம் உடைந்தால் நாலிலொன்று பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவருக்கு. வாணிபக் கலமெனில் சரிபாதி. ஊர்காவற்றுறையாராகிய நாம் அக்கல்வெட்டைப் பெருமையுடன் எடுத்துக்காட்டுவோம். கலம் உடைந்தபின் பங்கிடும் விதியில் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே தேர்ந்திருந்தோம் போலும்! கலம் உடையாதிருக்க என்ன விதி என்பதைக் கல்லில் அல்ல, குறிகட்டுவான் இறங்குதுறையில் ஒரு கரும்பலகையிலாவது எழுதக்கூடாதா? படகின் பெயர், எண்ணெய் மாற்றிய நாள், எரிபொருளில் நீர் உண்டா இல்லையா, கடைசியாக உணரி காட்டிய எண், பார்த்தவர் பெயர் ஆகிய ஐந்து வரிகள். ஏறும் பயணி படித்துவிட்டு ஏறட்டும். மின்நிலையமாயின் அதன் வாயிலில் இதே பலகை, அத்துடன் வெளியேறிய பழைய எண்ணெயின் லீற்றர்க் கணக்கு.

எரிபொருளைப் பொறுத்தவரை கேள்வி இன்னும் கூர்மையானது. 2011 நடுப்பகுதியில் இறக்குமதியான தரங்குறைந்த பெற்றோலால் நாடெங்கும் வாகனங்களின் பம்பிகள் பழுதடைந்தபோது, கார் வைத்திருந்தோர் கூக்குரலிட்டனர். அரசு நட்டஈடு பற்றிப் பேசியது. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே இரவில் ஏறியபோது, அதனாலேயே வள்ளமோட்டும் மீனவர் கிடைத்த இடத்திற் கிடைத்ததைக் கானில் வாங்கினர். அதிற் கலந்திருந்தது என்னவென்று யார் அளந்தார்? கடலில் எஞ்சின் நின்ற மீனவனுக்கு நட்டஈட்டுப் பத்திரம் ஏது? கூட்டுறவுச் சங்கமொன்றின் எரிபொருள் நிலையத்தில் அடர்த்திமானியும் நீரறியும் மின்வாயும் வைத்து, கானைத் தருமுன் சோதித்துக் காட்டுவது கோடிக்கணக்கிற் செலவாகும் காரியமன்று.

இதற்கெல்லாம் ஆளெங்கே, மொழியெங்கே என்ற கடைசி ஆட்சேபம் எஞ்சுகிறது. கருவிகளின் எச்சரிக்கைகள் ஆங்கிலத்திலும், சுற்றுநிருபங்கள் சிங்களத்திலும் வருகின்றன; தமிழில் இவற்றைச் சொல்லமுடியுமா என்று ஐயுறுவோர் தமிழ்ச் சங்கத்திலும் இருக்கின்றனர். இவ்வையம் எனக்கு விளங்கவில்லை. அரசகரும மொழித் திணைக்களம் பல தசாப்தங்களுக்கு முன்னரே சொற்றொகுதிகளை வெளியிட்டுவிட்டது. ஊர்காவற்றுறையில் உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவி கொள்ளளவி, மின்னுழையம், பாகுநிலை என்ற சொற்களைப் பரீட்சைக்காக மனனஞ் செய்கிறாள். தட்டுகளுக்கிடையே மின்னுழையத்தை மாற்றினால் கொள்ளளவம் எவ்வாறு மாறும் என்ற கணக்கைப் பலமுறை செய்கிறாள். எண்ணெய் உணரியென்பது அந்தக் கணக்குத்தான் என்று அவளுக்கு எவரும் சொல்லவில்லை. விஞ்ஞானபீடத்து நண்பர்கள் இருவரும் கலைப்பீடத்தார் இருவரும் ஒரு சனிக்கிழமை அங்கே போகலாம். இரு அலுமினியத் தகடுகள், ஒரு பல்மானி, இறங்குதுறையில் எடுத்த பழைய எண்ணெய் ஒரு போத்தல், கடையில் வாங்கிய புதிய எண்ணெய் ஒரு போத்தல். மிகுதியை மாணவர்களே அளந்து, தங்கள் கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்வர்.